காதில் சொன்னது

"நீ மேடை ஏறலைன்னா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. பேச விடலாமா?" என்றார் பெரியப்பா.

தம்பி மகன் தலை நிமிரவில்லை. கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறை அவனுடையது. தையல் மெஷினுக்கு அடியில் தடித்த ரெக்சின் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு உட்காரக் கிடைத்தது, காரிலிருந்து கழற்றித் தரையில் போட்டிருந்த ஒரு முன்சீட்டு. அதில் சாய்ந்தால் கூரையைத்தான் பார்க்க வேண்டும். அவர் சாய்கிற ஆள் இல்லை. நுனியில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய தம்பி சினிமா டைரக்டர். நடந்து போகும் வீடு, பாட்டுப் பாடும் படிக்கட்டு என்று குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற மாயப் படங்களாக எடுத்தே தலை நரைத்தவர். அவற்றில் எது சிறந்தது என்று ரசிகர்களிடம் ஓட்டெடுத்ததில் 'மேகக் குதிரை'க்கு முதலிடம். அன்று மாலை அதற்காகப் பாராட்டு விழா. சிறுவனாக அந்தப் படத்தில் நடித்த மகனே வந்து அப்பாவிடம் விருதைக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அதோடு முடியவில்லை. டைரக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. குழந்தைகளுக்குக் கிளிசரின் போட மாட்டார். நடித்துக் காட்டவும் மாட்டார். கேமரா ஓடத் தொடங்கியதும் குனிந்து காதில் ஏதோ சொல்வார். சிரிக்க வேண்டிய குழந்தை சிரிக்கும், முறைக்க வேண்டியது முறைக்கும். 'மேகக் குதிரை'யின் கடைசிக் காட்சியில் குதிரை வானத்தில் கரைந்து போக, சிறுவன் அழுவான். அதைப் பார்த்துக் கண் கலங்காத தாய்மார் இல்லை. அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்காத பத்திரிகையும் இல்லை. தொழில் ரகசியம் என்று சிரித்தே மழுப்பிவிடுவார் டைரக்டர். அந்த ரகசியத்தை மகன் வாயாலேயே மேடையில் கேட்கலாம் என்று விழாக்காரர்கள் ஊரெல்லாம் விளம்பரம் செய்துவிட்டார்கள். அவன் வருவான் என்று வாக்குக் கொடுத்தவர் பெரியப்பா.

அந்தப் படத்துக்குப் பிறகு அப்பா தன்னை நடிக்கக் கூப்பிடவில்லை என்று கோபமா என்று கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு நடிக்கத் தெரியாது பெரியப்பா. அந்தப் படத்துலயும் நான் நடிக்கலை."

"அதைத்தாண்டா உலகமே மெச்சுது. நடிப்பு மாதிரியே இல்லைங்குது."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. மெஷின் நிற்கவில்லை.

பெரியப்பாவுக்கு உள்ளூர ஒன்று தெரியும். இவன் தாய் இறந்த அன்று அப்பனும் பிள்ளையும் நேரத்துக்கு வரவில்லை. பொழுது சாய்ந்து, இருட்டிய பிறகுதான் வந்து இறங்கினார்கள். கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தபோது, கார் வழியில் நின்றுவிட்டதாம் என்று தம்பி சொன்னதை ஒவ்வொருவரிடமும் தானே போய்ச் சொல்லி வாயை அடைத்தவர் அவர். பிறகு தாயில்லாப் பிள்ளையைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வளர்த்தார். அவன் வளர்ந்தான்; அப்பாவின் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. வீட்டு வழக்கு வீதிக்கு வராமல் இத்தனை வருஷம் கட்டிக் காத்தாகிவிட்டது. இனி ஒரு மாலைப்பொழுதில் அதைக் காற்றில் விடுவதா?

"கார் ரிப்பேர் ஆனதுக்கு அவன் என்னடா பண்ணுவான்? உங்கம்மா முகத்தை நீ சரியாப் பார்க்கக்கூட முடியலை, எனக்கும் அந்த வருத்தம் இருக்கு. அதுக்காகப் பெத்தவனைச் சபையில தலை குனிய வைக்கலாமா?"

மெஷின் நின்றது. அவன் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து நூலை வெட்டினான்.

"கார் நல்லாத்தான் ஓடுச்சு," என்றான்.

பெரியப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்? அப்பாவோடு பேசவேண்டாம், பக்கத்தில் உட்காரவும் வேண்டாம், விருதைக் கையில் கொடுத்துவிட்டு அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் போதும் என்று இறங்கி வந்தார். அவர் ஒருவரிடம் இப்படி இறங்கிப் பேசுவது அவருக்கே புதிது.

"நம்ம குடும்பத்துக்கு அதைவிடப் பெருமை வேற இல்லைடா."

"நிஜமாவே சொல்லணுமா?"

"சொல்லணும். எனக்கும்தான் கேட்க ஆசை. எத்தனையோ தடவை கேட்டுட்டேன், அண்ணன்கிட்டயே சொல்ல மாட்டேங்கிறான்."

அவன் தைத்த உறையை உதறி மடித்து வைத்துவிட்டு, முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"சரி, வர்றேன். அன்னிக்குக் காலையில ஸ்டுடியோவுக்கு போன் பண்ணது நீங்கதானே பெரியப்பா? சாயங்காலம் வெளிச்சம் சரியா வர்ற வரைக்கும் அப்பா வாயே திறக்கலை. கேமரா ஓட ஆரம்பிச்சதும் குனிஞ்சு, 'உங்கம்மா செத்துப் போயிட்டா, இந்த ஷாட் முடிஞ்சதும் போய்ப் பார்க்கலாம்'னு சொன்னாரு."