ஒரு தாளம் பிந்திய குரல்

ஆரோக்கியம் அண்ணன் தன் சலூன் கண்ணாடியில் போனைச் சாய்த்துவைத்துவிட்டு, முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடுவார். முன்பு எங்கள் குழு வாத்தியமே இல்லாமல் நான்கு குரலில் பாடிப் பழகியது அங்கேதான். இப்போது ஆளுக்கொரு ஊர், ஆன்லைன் கூட்டம். இணையத்தில் குரல்கள் முன்பின்னாக வந்து மோதுவதால், பாட்டு தொடங்கியதும், குழுவை நடத்தும் கில்பர்ட் சாரைத் தவிர எல்லோரையும் நான் மியூட் செய்துவிடுவேன். அண்ணனுக்கு மட்டும் அது தெரியாது. மற்றவர்கள் குரல் கேட்காததற்குத் தன் பழைய போன்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதல் வாரம், தான் பாடும் கீழ்க்குரலைப் பற்றி, "என் பேஸ் எப்படி தம்பி?" என்று கேட்டார். "பிரமாதம்ணே" என்றேன். பிறகு வாராவாரம் கேட்டார். வாராவாரம் சொன்னேன். நேற்று அவர் மகள் ஜெனிபர் துபாயிலிருந்தே பாட்டைக் கேட்கக் கூட்டத்தில் இணைந்திருந்தாள். பாதிப் பாட்டில் எனக்கு மட்டும் எழுதினாள்: "அப்பா குரலே கேக்கலயே?" கூசிப்போய் அவர் மைக்கைத் திறந்துவிட்டேன். அந்தக் கனத்த குரல் ஒரு தாளம் பிந்தி வந்து பாட்டின்மேல் இடித்தது. கில்பர்ட் சார் நிறுத்திவிட்டார். "யாருப்பா அது, பஸ்ஸை விட்டுட்டுப் பின்னாடியே ஓடி வர்றது?" திரையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தார். "தம்பி, எவன்னு பாத்து அவனை மியூட்ல போடு. என் பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு." ஜெனிபர் சிரிக்கவில்லை. கில்பர்ட் சார் மறுபடியும் சுருதி கொடுத்தார். அண்ணன் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். என் விரல் அவர் பெயரின்மேல் இருந்தது.