வெறுங்கை

கூண்டுக் கதவைத் திறந்ததும் தாய்ப்பூனை சீறியது.

தெருவில் யாருக்கும் அடங்காத பூனை அது. வயிறு தள்ளிப்போய் பழைய கார் ஒன்றின் அடியில் பதுங்கியிருந்ததை, மீன் தலை காட்டிக் கூண்டில் பிடித்து வந்து, குளியலறையில் வைத்து அவள்தான் பிரசவம் பார்த்தாள்.

பார்த்தாள் என்பது சும்மா பேச்சுக்கு. அது தானே ஈன்று, தானே கொடியைக் கடித்து, தானே நக்கிவிட்டுக்கொண்டது. அவள் கதவிடுக்கில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

இப்படி எத்தனையோ பூனைகள். பால் மறந்ததும் குட்டிகள் நல்ல வீடுகளுக்குப் போகும். தாய்க்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள். தெருவே அவளைப் பூனைக்காரி என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் மாடியில் இருக்கும் அண்ணிக்குத்தான். கணவனின் அக்கா. வீடு அண்ணியுடையது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ முடியாது, இந்த ஈத்தோடு எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டிவிடு என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

அந்த அண்ணிதான் இப்போது குளியலறை வாசலில், ஒரு செருப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

பெட்டிக்குள் வெந்நீர்ப் பாட்டிலை ஒட்டி மூன்று வெள்ளைக் குட்டிகள். கண் திறக்காதவை. அண்ணி பெற்ற மகளைப் போல வளர்த்த பெர்ஷியன் பூனை, அன்று விடியற்காலையில் டாக்டரின் மேஜையிலேயே போய்விட்டது. புட்டிப்பாலில் இவை தேறாது, பால் கொடுக்கிற தாய் கிடைத்தால் பாருங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"உன் பூனைக்குப் பால் இருக்கில்ல?" என்று அங்கிருந்தே போனில் கேட்டிருந்தாள் அண்ணி.

அண்ணி தன் தம்பியோடு வண்டியில் வந்து இறங்கியதும், பூனைக்காரி வாசலிலேயே விஷயத்தைச் சொன்னாள்.

"நம்ம குட்டிங்க நாலும் போயிடுச்சு அண்ணி. ஒண்ணும் அசையல."

அண்ணியின் அழுகை சட்டென்று நின்றது. அந்த ஒரு கணம் அவள் முகத்தில் வந்து போனதற்குச் சந்தோஷம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

கூண்டுக்குள் விரித்திருந்த பழைய துணியை உருவி, வெள்ளைக் குட்டிகளை ஒவ்வொன்றாக அதில் புரட்டித் தேய்த்தாள் பூனைக்காரி. தாயின் வாசம் ஏற வேண்டும். பிறகு ஒன்றை எடுத்து, கையுறை மாட்டாமல் வெறுங்கையோடு கூண்டுக்குள் நுழைத்தாள்.

பூனை காதை மடக்கி உறுமியது. குட்டியை முகர்ந்தது. துணியை முகர்ந்தது. மறுபடி குட்டியை.



பால் கட்டி அதன் வயிறு கல்லாகியிருந்தது. குருட்டு வாய் ஒன்று முட்டி முட்டித் தேடி, கடைசியில் காம்பைக் கவ்வியபோது, பூனை கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டாவதும் கவ்வியது. மூன்றாவதும்.

அண்ணி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடங்களில் அந்தக் குளியலறைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"இனிமே இந்த ரூம் உனக்குத்தான். எத்தனை பூனைய வேணா கொண்டு வா, ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். உன்னோட மனசு யாருக்கு வரும்?"

பூனைக்காரி தலையாட்டிவிட்டுக் கையை வெளியே இழுக்கப் போனாள்.

பூனை தன் முன்னங்காலை அவள் மணிக்கட்டின் மேல் வைத்தது. நகம் வெளியே வரவில்லை. கழுத்தை நீட்டி அவள் கையை முகர்ந்தது. தொண்டைக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம், தாய்ப்பூனை தன் குட்டிகளிடம் மட்டும் பேசுகிற சத்தம், வந்தது. பிறகு அவள் விரலை நக்கத் தொடங்கியது.

"அக்கா, இங்க பாரு! கிட்ட போனாலே பிறாண்டுற பூனை, நன்றி சொல்லுது பாரேன்!" கணவன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

எலும்பும் தோலுமான அந்த உடம்பில் ஏழு வாய்க்குப் பால் சுரக்காது என்று பூனைக்காரிக்குத் தெரியும். அண்ணியின் குட்டிகள் பிழைக்காவிட்டால், இந்தக் குளியலறைக்குள் இனி எந்தப் பூனையும் வராது என்றும் தெரியும்.

காலையில் அண்ணியிடம் பேசிப் போனை வைத்ததுமே மீன் தலையைப் போட்டுத் தாயைக் கூண்டின் ஓரத்துக்கு இழுத்து, நடுவில் தடுப்பைச் செருகி, நான்கு குட்டிகளையும் வெளியே எடுத்துவிட்டிருந்தாள். அவ்வளவு சின்ன உடம்புகளைக் கையுறையோடு பிடிக்க முடியவில்லை.

கொல்லைப்புறத்தில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். வெதுவெதுப்பாகத்தான். சில்லென்றிருந்தால் தாங்காதே என்று.

அதன்பின் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் கையை இழுத்துக்கொள்ள வழியில்லை. கூப்பிட்டுக்கொண்டே நக்கியது பூனை. நான்கு விரல்களையும் நக்கி முடித்து, மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தது.