சன்னல் பலகையில் ஒரு ஓட்டை

மெயினை அணைத்து, சன்னலையும் சாத்திய அறை கும்மிருட்டாகக் கிடக்கிறது. மூலையில் போடச் சொன்ன ஒயர் ஓட்டையை எலக்ட்ரீஷியன் சன்னல் பலகையின் நட்டநடுவில் போட்டுவிட்டார். "கண்ணு எங்கண்ணே இருந்துச்சு?" என்று பொரிந்து தள்ளத் திரும்பும் வீட்டுக்காரியின் கண் சுவரில் போய் நிற்கிறது. ஓட்டை வழியே நுழைந்த வெயிலில், எதிர்ச்சுவரின் புது வெள்ளையில், தெரு முழுவதும் தலைகீழாகத் தெரிகிறது. மரம் மேலிருந்து தொங்கி இலையசைக்கிறது. சிவப்புக் குடையொன்று கவிழ்ந்தபடி நகர்கிறது. சுவிட்ச் வாங்கப் போன கணவன், கையில் பை ஆட, வானத்தை அடியில் விட்டு, சுண்டுவிரல் உயரத்தில் நடந்து வருகிறான். அவள் சுவரோரம் போய்க் கையை நீட்டுகிறாள். அவன் அவள் உள்ளங்கையில் ஏறி நடக்கிறான். "தப்பாப் போச்சும்மா, அடைச்சிரட்டுமா?" என்று தயங்குகிறார் எலக்ட்ரீஷியன். "தொட்டீங்கன்னா தெரியும் சேதி," என்கிறாள் அவள், கையை அசைக்காமல்.