வல்லின ‘ற’

லெப்பைக்குடிக்காட்டு ஹசீனாவுக்கு பேங்க் பெயரில் அடுத்தடுத்து இரண்டு மெயில்கள் வந்தன. லிங்க்கில் பின் நம்பரைக் கொடுக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்றது முதல் மெயில். அதில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாவது மெயில், “அதைத் தொடாதே, ஜாக்கிறதை” என்றது.

“எழுத்துப்பிழை இருந்தா போலின்னு பேங்க்லயே சொன்னாங்க. ரெண்டாவதை அழிச்சிட்டு மொத மெயிலுக்கு நம்பரைக் கொடு” என்றான் கணவன் வாசிம்.

ஹசீனா பீரோவைத் திறந்து, போன வருடம் மவுத்தாகி அடக்கமான அத்தா துபாயிலிருந்து மகளுக்கு எழுதிய பழைய கடிதங்களை எடுத்தாள். எல்லாக் கடிதங்களும் ‘ஜாக்கிறதை’ என்றே முடிந்திருந்தன. அதே வல்லின ‘ற’.

வாசிம் ஒரு கடிதத்தை வாங்கி இரண்டாவது மெயிலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “மாமாவுக்கு ஏதாச்சும் பதில் போடு.”

அவள் மெயிலை அடிவரை தள்ளிப் பார்த்தாள். எல்லா பேங்க் மெயில்களிலும் இருக்கும் வரிதான் அங்கேயும் இருந்தது: ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப இயலாது.’