ஸ்டார்ட் ஆகாத பொல்வெல்

பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலேயே பொருத்துகிற பழைய ஆஸ்திரேலிய ஸ்போர்ட்ஸ் கார் அது. பொல்வெல். பார்த்தீபனும் நண்பன் குகதாசனும் தகனினி என்ற ஊரில் பார்த்தீபனின் வீட்டுக் கராஜில் நாலு வருடமாக அதைத் திருத்தினார்கள்.

புற்றுநோய் உடலை உருக்கத் தொடங்கிய பிறகும் குகதாசன் சனிக்கிழமை தவறாமல் வந்தான்.

“இண்டைக்காவது ஸ்டார்ட் ஆகுமோடா?”

“இன்னும் ஒரு பிழை இருக்கு. அடுத்த கிழமை பாப்பம்.”

செத்தவீடு முடிந்த மறுவாரம் குகதாசனின் மனைவி பிரசாந்தியிடம் பார்த்தீபன் அழுதான். “கார் எப்பவோ சரிவந்திட்டுது, தங்கச்சி. நான்தான் ஒவ்வொரு கிழமையும் ஒரு வயரைக் கழட்டி வைச்சனான். வேலை முடிஞ்சா அவனும் போயிடுவான் எண்டு பயம்.”

“அவருக்குத் தெரியும், அண்ணா.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்தவன்?”

“‘ஒருக்கா அதில ஏறி ஓடவேணும் போல கிடக்கு. ஆனா கேட்டா அவன் உடைஞ்சு போயிடுவான்’ எண்டவர்.”