நிக்கியின் அக்கா

"என்னை ஞாபகம் இருக்கா, மிஸ்டர் லேன்? உங்களோட உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டவ."

ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நிக்கி லேன் நிமிர்ந்தார். எதிரே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, பத்திரிகையிலிருந்து வெட்டிய பழுப்பேறிய பக்கம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். 'நிக்கியுடன் ஒரு மாலை! போட்டியில் வென்ற ஒஹையோ மாணவி ஜாய்ஸ்.' வருடம் 1960.

"அடடே, ஜாய்ஸ்! பதினஞ்சு வயசுப் பொண்ணு. நடுக்கத்துல ஸ்பூனைக் கீழே போட்டியே!"

"போட்டது நீங்க."

இருவரும் சிரித்தார்கள்.

அட்லாண்டிக் சிட்டி ஹோட்டலில் ஞாயிறு மதியக் கச்சேரி அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு காலத்தில் நிக்கி பாட்டை முடித்து முழங்காலில் விழுந்தால் மூவாயிரம் பெண்கள் கதறுவார்கள். இப்போது விழுந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். நாலே நாலு ஹிட் பாட்டு, மூன்றே வருடப் புகழ். பிறகு இங்கிலாந்துப் பையன்கள் கிடாரோடு வந்து இறங்கினார்கள். நிக்கி பிலடெல்பியாவில் ரொட்டி வண்டி ஓட்டப் போனார். பழைய பாட்டுக்கு மறுபடி மவுசு வந்த பிறகுதான் மேடை திரும்பக் கிடைத்தது.

"அன்னிக்கு உங்க அக்கா கார்மெலாவும் வந்தாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல சுவர் மாதிரி உக்காந்திருந்தாங்க."

நிக்கியின் பேனா நின்றது.

"பிப்ரவரியில போயிட்டா, ஜாய்ஸ். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் முதல்முறையா மேடை ஏறினேன்."

ஜாய்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்டயாவது உண்மையைச் சொல்லிடறேன். அவ அக்கா இல்ல. என் பொண்டாட்டி. நீ வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாலயே எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. 'கல்யாணமானவன்னு தெரிஞ்சா ஒரு பொண்ணும் உன் ரெக்கார்டைத் தொடமாட்டா'ன்னு மேனேஜர் மிரட்டினான். மூணு வருஷம் ஊர் ஊரா அவளை அக்கான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். மோதிரத்தைக்கூடக் கழட்டி வச்சா. பொறந்த குழந்தையைக்கூட அவ அம்மா வீட்டுல மறைச்சு வளர்த்தோம். ஒருநாளும் முகம் சுளிக்கல, அதான் இன்னும் உறுத்துது. உன்னையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடும்மா."

"நான் எங்கே ஏமாந்தேன்?"

"என்ன சொல்றே?"

"அன்னிக்குப் பாத்ரூம்ல அவகிட்டயே போய், 'உங்க தம்பியைத்தான் கட்டிக்கப் போறேன்'னு சொன்னேன். பாவம், அந்த நேரம் பார்த்து அவளுக்கு வாந்தி. மசக்கை. தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான்தான். அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டா. மறுநாள் பத்திரிகைக்காரங்க என்னைத் துருவித் துருவிக் கேட்டாங்க. நான் வாயே திறக்கல."

"இத்தனை வருஷத்துல அவ இதை எங்கிட்டச் சொன்னதே இல்லையே!"

"சொன்னா நீங்க மேடையில பாட்டை மறந்துடுவீங்கன்னு எழுதுவா."

"எழுதுவாளா?"

ஜாய்ஸ் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் முன் வைத்தார். இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்து கார்மெலாவுடையது. நிக்கி கடிதத்தை அருகே இழுத்துக்கொண்டார்.

"நான் உங்க ரசிகையா வரல, நிக்கி. உங்க பாட்டெல்லாம் எனக்குச் சலிச்சுப்போய் ரொம்ப நாளாச்சு" என்று கண்ணைத் துடைத்தபடி சிரித்தார் ஜாய்ஸ். "முப்பத்தேழு வருஷமா மாசம் தவறாம எனக்குக் கடுதாசி போட்ட சிநேகிதி, ஜனவரியில கடைசியா எழுதினது இது: 'நான் இல்லாம அவர் பாடற முதல் கச்சேரியில, முன்வரிசையில என் இடத்தைக் காலியா விட்டுடாதே.'"