கன்னம் வைத்தவள்

"எல்லாத்தையும் ஒத்துக்கறேன்க்கா. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

நீட்டிய கையில் பேனாவைக் கொடுக்காமல், தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார் கறுப்புக் கோட்டு அக்கா. சிறுவர் நீதிமன்றத்தின் அந்தச் சின்ன அறையில் மின்விசிறி கடகடத்தது. பதினைந்து வயது மகளுக்குப் பக்கத்தில் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல உன் மேல என்ன குற்றம்னு சொல்லு."

"அதான் எழுதியிருக்கே."

"எழுதினது கிடக்கட்டும். பிள்ளைக்குப் புரியணும்ங்கிறது இங்க விதி. உன் வாயால சொல்லு."

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒத்துக்கிட்டா கண்டிச்சு அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்கம்மா."

"யாரு சொன்னா? ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷம் சிறுவர் இல்லம்."

அவள் நிமிர்ந்தாள். "ஒரு அறைக்கு ரெண்டு வருஷமா?"

"எந்த அறை?"

"சைக்கிள் கடைக்காரர் பையனுக்கு விட்ட அறைதான். என் டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டான். கடையில பத்துப் பேர் பார்க்க, கன்னத்துல ஒண்ணு வச்சேன். இதோ, 'சைக்கிள் கடையில் கன்னம் வைத்து'ன்னு போட்டிருக்கே!"

அக்கா தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஸ்டேஷன்ல உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"'கடையில கன்னம் வச்சது நீதானே?'ன்னாங்க. ஆமான்னேன். பொய் சொல்லலாமா?"

"அடி பெண்ணே! கன்னம் வைக்கிறதுன்னா சுவத்துல ஓட்டை போட்டுத் திருடுறது!"

"ஐயய்யோ, நானா?"

"வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாம்மா," என்றார் அப்பா, அழாக்குறையாக.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த அரைமணியில் நீதிபதி முன் நின்று அடித்துச் சொன்னார்: "இந்த ஒப்புதல் செல்லாதுங்க. வேற சாட்சியும் கிடையாது. வழக்கு நிக்காது."

நீதிபதி தாளை வார்த்தை வார்த்தையாகப் படித்தார். அவளிடமும் நாலு கேள்வி கேட்டார். வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, "அறைஞ்சதுக்கு மட்டும் அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு," என்றார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கோ மனசு நிறைந்து வழிந்தது.

"ஐயா, இனிமே எதுன்னாலும் எனக்கு இந்த அக்காதான் வக்கீல்!"

நீதிபதி வாய்விட்டுச் சிரித்தார்.

"அது எப்படிம்மா முடியும்? உன் மேல வழக்குப் போட்டு, உனக்கு எதிரா வாதாட வந்த அரசு வக்கீலே அவங்கதானே!"